நான்காவது மீன்

செம்பு எனக்குப் புதிதல்ல.
குழாய் வேலைக்காரன் நான்.
முப்பத்தோரு வருடம் அதை வளைத்திருக்கிறேன்,
அறுத்திருக்கிறேன், பற்றவைத்திருக்கிறேன்,
யார் யார் வீட்டுச் சமையலறையிலோ
தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து
மூக்கில் அழுக்குத் தண்ணீர் சொட்டச் சொட்ட
அதன் அப்பன் பாட்டனைத் திட்டியிருக்கிறேன்.
அழகாகவும் இருக்கும் என்று தெரிய
நாற்பத்தெட்டு வயதாகவேண்டியிருந்தது.

ட்ரூரோவில், மிஸ் ட்ரெவாஸ்கிஸ் வீட்டில்
கொதிகலன் பழுது.
வாசலருகே ஒரு தட்டு,
சாவிக்கொத்தும் கட்டாத மின்கட்டண ரசீதும் அதில்.
அவற்றை ஒதுக்கினால்
விளிம்பைச் சுற்றி நீந்தும் மீன்கள்.
முன்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள்.
நான் திருப்பிப் பார்த்தேன்:
பள்ளம் பள்ளமாக
அடித்தவன் கை அங்கேயே இருந்தது.
"கூலியில் கழித்துக்கொள்" என்றாள் மிஸ் ட்ரெவாஸ்கிஸ்.
கழித்தது போக
அவளுக்கு நான்தான் பாக்கி.

வீட்டுக்கு வந்து துலக்கினேன்.
வினிகர், உப்பு, பழைய பனியன்.
நேற்று வாங்கிய குழாய்போல் மின்னியது.
பென்சான்ஸ் ஏலக்காரர் கிட்டோ
துக்க வீட்டுக்கு வந்தவர்போல் தொப்பியைக் கழற்றினார்:
"நூறு வருடத்தை
ஒரே மத்தியானத்தில் தேய்த்துவிட்டாயே."

பிறகு கற்றுக்கொண்டேன்.
சுத்தியல் தடங்கள்
ஒரே இடைவெளியில், ஒரே ஆழத்தில் இருந்தால்
இயந்திரம் பொய் சொல்கிறது.
மனிதன் அடித்திருந்தால்
இடையில் இருமியிருப்பான்,
கதவு திறந்த திசைக்குத் திரும்பியிருப்பான்,
அந்த இடத்தில் ஒரு தடம்
கொஞ்சம் வழுக்கியிருக்கும்.
விரல் நுனிக்குத் தெரியும்.

எல்லோர் வீட்டிலும் அழகு புழங்கட்டும்,
ஆலைப் புகைக்கு எதிராகக் கை நிமிரட்டும்
என்று படித்தவர்கள் சேர்ந்து ஆரம்பித்த இயக்கமாம்.
நல்ல எண்ணம்தான்.
அந்த எல்லோர் வீட்டுக் குத்துவிளக்கு ஒன்று
போன மாதம் ஏலத்தில்
என் வேனைவிட அதிகமாகப் போனது.
கையை உயர்த்தாமல் இருக்க
அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

நியூலின் துறையில் அடித்தவர்கள் மீனவர்கள்.
காற்று மாறி, படகு இறக்க முடியாத நாட்களில்
பட்டறையில் உட்காரவைத்து
கையில் சுத்தியலைக் கொடுத்தார்களாம்.
பார்த்தது மீன், செய்ததும் மீன்.
என் அலமாரியில் இருப்பதெல்லாம்
கடல் அவர்களை உள்ளே விடாத நாட்கள்.
பதினேழு நாட்கள், இதுவரை.
மொர்வென்னா அதை மீன் மார்க்கெட் என்கிறாள்,
தூசி தட்டுவதில்லை என்று
கல்யாணத்துக்கு முன்பே சொன்னவள்.

நேற்று ரெட்ரூத்தில்,
வீட்டைக் காலிசெய்தவர்களின் அட்டைப்பெட்டிக்குள்
பதினெட்டாவது கிடைத்தது.
மூன்று மீன்களுக்குச் செதில் உண்டு, கண் உண்டு.
நான்காவது வெறும் கோடு,
ஆணியால் கீறிய வயிறு, பாதி வால்.
"குறையுள்ள சாமான், பத்து பவுண்டு தள்ளிக்கொள்" என்றான் விற்றவன்.
பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் அது.

இரவு மேசையில் வைத்துச் சொன்னேன்:
"அன்றைக்குக் கடல் அடங்கியிருக்கும்.
யாரோ ஜன்னலைத் தட்டியிருப்பார்கள்.
சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான்."
திரும்பி வந்தானா என்பதைக் கேட்கவில்லை,
ஆனால் நினைத்தேன்.

மொர்வென்னா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.
"இருக்கலாம்" என்றாள்.
"அல்லது உன்னைப்போல் ஒருத்தன்.
நம் குளியலறைக் குழாய்
இரண்டு வருடமாகச் சொட்டுகிறது, தெரியுமா?"

ரொட்டியை அந்தத் தட்டிலேயே வைத்தாள்.
தடுக்க வாயெடுத்தேன்,
அது தட்டுதானே.
மாடியில் சொட்டும் சத்தம்
ஒரே இடைவெளியில் இல்லை.
ஸ்பேனரைத் தேடி எழுந்தேன்,
வழியில் விளக்கடியில்
அந்தப் பாதி வாலை
இன்னொருமுறை தடவிப்பார்க்க நின்றேன்.